ஒற்றர் வேறு, கோள்காரர் வேறு

 

சென்ற மாதம் நம் சங்கத்தின் தபால் பெட்டியில் ஒரு கடிதம் கிடந்தது. தபால் தலை முறையாக ஒட்டியிருந்தது. அனுப்பியவர் பெயர் மட்டும் இல்லை. மொட்டைக் கடிதம் என்கிறோமே, அதுதான். நம் அங்கத்தினர்களில் கடை வைத்திருக்கும் ஒருவரைப் பற்றி இரண்டு பக்கம் நெருக்கி எழுதியிருந்தது. அவர் கடைக்கு எந்த நேரத்தில் சரக்கு லாரி வருகிறது, கல்லாவில் யார் உட்காருகிறார், ஊருக்குப் பணம் எந்த வழியாய்ப் போகிறது, வீட்டில் என்ன மனஸ்தாபம் என்பது வரை ஒன்றையும் விடவில்லை. கடைசியில் ஒரு வரி: சமுதாய நன்மையை உத்தேசித்தே இதை எழுதுவதாகவும், ரசூலுல்லாஹ்வும் ஒற்றர்களை வைத்திருந்தார்கள் என்பதை நிர்வாகிகள் மறக்க வேண்டாம் என்றும் கண்டிருந்தது.

அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் இந்தப் பிரசங்கமே இல்லை. மற்றதையெல்லாம் மடித்து வைத்துவிடலாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பெயரை அதில் இழுத்துவிட்டதால் பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். கடிதக்காரர் சொன்னது பொய்யல்ல. அண்ணலார் (ஸல்) அவர்கள் ஒற்றர்களை அனுப்பியது உண்மைதான். யுத்தம் என்று வந்துவிட்டால் எதிரியின் பலம், வழி, எண்ணம் இவை தெரியாமல் படை நடத்துகிறவன், விளக்கில்லாமல் கிணற்றங்கரையில் நடக்கிறவன். தமிழிலே வள்ளுவர் 'ஒற்றாடல்' என்று தனி அதிகாரமே வகுத்து வைத்தார். ஆகவே ஒற்றர் இருந்தாரா என்பது கேள்வியே அல்ல. யாரிடத்தில், எதற்காக, எந்த எல்லைவரை என்பதுதான் கேள்வி.

ஹிஜ்ரத்திலிருந்து தொடங்குவோம். கி.பி. 622இல் நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்கர் (ரலி) அவர்களும் மூன்று இரவுகள் தௌர் குகையில் தங்கியிருந்தார்கள். அபூபக்கர் (ரலி) அவர்களின் குமாரர் அப்துல்லாஹ் பகலெல்லாம் மக்காவில் குறைஷிகளோடு கலந்திருப்பார். அவர்கள் என்ன சதி பேசுகிறார்கள் என்று காதில் வாங்கிக்கொண்டு, இருட்டிய பிறகு குகைக்கு வந்து சொல்லுவார். விடியுமுன் திரும்பி, இரவெல்லாம் மக்காவில் தூங்கி எழுந்தவர்போல் தெருவில் நிற்பார். ஆமிர் இப்னு புஹைரா (ரலி) அந்தப் பக்கமாக ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவார். குகையிலிருந்தவர்களுக்குப் பாலும் ஆயிற்று, அப்துல்லாஹ்வின் காலடித் தடமும் அழிந்தது. கொலை செய்யத் தேடி வருகிறவனிடமிருந்து ஓர் உயிரைக் காப்பாற்றுவதற்காகச் செய்த வேவு அது.

அடுத்தது பத்ர். ஹிஜ்ரி 2, கி.பி. 624. வியாபாரிகளாகிய நாம் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இரு தரப்பும் துப்பறிந்த விதம் கடைத்தெரு மூளையால் நடந்தது.

அபூஸுப்யானின் வர்த்தகக் கூட்டம் ஷாம் தேசத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. அதைப்பற்றி அறிந்துவர நாயகம் (ஸல்) அவர்கள் இருவரை பத்ர் நீர்த்துறைக்கு அனுப்பினார்கள். அவர்கள் யாரையும் மிரட்டவில்லை, யார் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கவில்லை. ஒட்டகங்களை மேட்டில் படுக்க வைத்துவிட்டுத் தண்ணீர் மொள்ளப் போனார்கள். அங்கே இரண்டு பெண்கள் கடன் விஷயமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். நாளையோ மறுநாளோ வியாபாரக் கூட்டம் வந்துவிடும், அவர்களுக்கு வேலை செய்து உன் கடனைத் தீர்த்துவிடுகிறேன் என்றாள் ஒருத்தி. பக்கத்திலிருந்த மஜ்தீ இப்னு அம்ரு என்பவரும் அதை ஆமோதித்தார். வந்தவர்களுக்கு அது போதும். தோல்பையை நிரப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

சற்று நேரத்தில் அபூஸுப்யானே முன்னோட்டம் பார்க்க அதே துறைக்கு வந்தார். யாராவது வந்தார்களா என்று மஜ்தீயிடம் கேட்டார். இரண்டு பேர் வந்து தண்ணீர் எடுத்துப் போனார்கள், வேறொன்றும் இல்லை என்றார் மஜ்தீ. நாமாக இருந்தால் சரியென்று போயிருப்போம். அபூஸுப்யான் ஒட்டகங்கள் படுத்த இடத்துக்குப் போய், சாணத்தை எடுத்து உடைத்துப் பார்த்தார். உள்ளே பேரீச்சங்கொட்டை! இது யத்ரிபு ஊர்த் தீனி என்று அந்த க்ஷணமே புரிந்துகொண்டு, கூட்டத்தைக் கடற்கரை வழியாகத் திருப்பிக் காப்பாற்றிக்கொண்டார். அன்று அவர் நமக்கு எதிரி. ஆனாலும் சரக்கைக் கையிலெடுத்துப் பார்க்காமல் விலை சொல்லாத வியாபாரியின் கண் அது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகு மக்காவிலிருந்து படை வந்து இறங்கியது. அதன் தண்ணீர்க்காரப் பையன்கள் சிலர் முஸ்லிம்களிடம் பிடிபட்டார்கள். நீங்கள் யாருடைய ஆட்கள் என்று கேட்டதற்கு, குறைஷிப் படையின் ஆட்கள் என்று உள்ளதைச் சொன்னார்கள். தோழர்களுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. வர்த்தகக் கூட்டத்தின் ஆட்களாயிருக்க வேண்டும் என்பது அவர்களின் ஆசை. அடித்தார்கள். அடி தாங்காமல், அபூஸுப்யானின் ஆட்கள்தான் என்று பையன்கள் சொன்னதும் விட்டுவிட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகையை முடித்துக்கொண்டு, உண்மை சொன்னபோது அடிக்கிறீர்கள், பொய் சொன்னபோது விடுகிறீர்களே என்று தோழர்களைக் கடிந்துகொண்டார்கள்.

பிறகு தாமே விசாரித்தார்கள். படையில் எத்தனை பேர்? பையன்களுக்குத் தெரியவில்லை, நிறையப் பேர் என்றார்கள். தினம் எத்தனை ஒட்டகம் அறுக்கிறார்கள்? ஒரு நாள் ஒன்பது, ஒரு நாள் பத்து. அப்படியானால் படை தொள்ளாயிரத்துக்கும் ஆயிரத்துக்கும் நடுவே என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் கணித்துச் சொன்னார்கள். ஒரு அடி இல்லை, ஒரு மிரட்டல் இல்லை. சமையல் செலவிலிருந்து ஆள் கணக்கு! சாப்பாட்டுக் கடை நடத்தும் நம் சகோதரர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

இனி அகழ் யுத்தம். ஹிஜ்ரி 5, கி.பி. 627. பத்தாயிரம் பேர் கொண்ட கூட்டுப்படை மதீனாவை முற்றுகையிட்டது. உள்ளே மூவாயிரம் பேர். ஸல்மான் பார்ஸீ (ரலி) அவர்கள் சொன்ன யோசனைப்படி வெட்டிய அகழ்தான் நடுவே தடுப்பு. பசி, எலும்பை உறைய வைக்கும் குளிர், கூடாரத்தைப் பிடுங்கும் காற்று. அப்படிப்பட்ட ஓர் இரவில், எதிரிகளின் செய்தியை அறிந்து வருகிறவர் யார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் கேட்டார்கள், மூன்றாம் முறையும் கேட்டார்கள். உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் ஸஹாபாக்கள்! இதை நாமாகச் சொல்லவில்லை. அங்கே இருந்த ஹுதைபா (ரலி) அவர்களே பிற்காலத்தில், நாங்கள் மட்டும் அந்தக் காலத்தில் இருந்திருந்தால் என்று வீரம் பேசிய ஒருவருக்கு இப்படி உள்ளபடி சொன்னார்கள்.

கடைசியில் நாயகம் (ஸல்) அவர்கள் ஹுதைபாவைப் பெயர் சொல்லி எழுப்பினார்கள். பெயர் சொல்லிவிட்ட பிறகு எழுந்திருக்காமல் வழியில்லை. கட்டளை இதுதான்: செய்தியை மட்டும் கொண்டுவா, அவர்களைக் கிளப்பிவிடும்படி எதையும் செய்யாதே.

போனார். போகும்போது வெந்நீர்க் குளியலறையில் நடப்பதுபோல் உடம்பு கதகதப்பாக இருந்ததாம். எதிரிப் பாளயத்தில் அபூஸுப்யான் நெருப்புக்கு முதுகைக் காட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார். ஹுதைபா வில்லில் அம்பைத் தொடுத்தார். எய்திருந்தால் தவறியிருக்காது. அப்போது கட்டளை நினைவுக்கு வந்தது, அம்பை எடுத்துவிட்டார். இருட்டில் அந்நியர் யாரும் கலந்திருக்கக்கூடும், அவரவர் பக்கத்திலிருப்பவர் யாரென்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று அபூஸுப்யான் எச்சரித்தபோது, ஹுதைபா முந்திக்கொண்டு பக்கத்திலிருந்தவனின் கையைப் பிடித்து நீ யார் என்று கேட்டுவிட்டார். படை கலைந்து புறப்படப் போகிறது என்பதை நிச்சயப்படுத்திக்கொண்டு திரும்பினார். செய்தியைச் சொல்லி முடித்த பிறகுதான் குளிர் தாக்கியது. நாயகம் (ஸல்) அவர்கள் தாம் போர்த்தித் தொழுதுகொண்டிருந்த போர்வையால் அவரைப் போர்த்தினார்கள். விடியும்வரை தூங்கினார்.

அன்று எய்யாமல் வைத்த அம்பு யாருக்காக? அபூஸுப்யான் அதற்குப் பிறகு மூன்று வருஷத்துக்குள் கலிமாச் சொல்லி முஸ்லிமானார். ஒற்றன் தன் சொந்தக் கோபத்தை நடுவே நுழைத்திருந்தால் சரித்திரம் எப்படிப் போயிருக்குமோ, அல்லாஹ்வே அறிவான்.

சகோதரர்களே! இவையெல்லாம் யுத்த களத்துச் செய்திகள். அதே நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்குள்ளே, தம் மக்களிடையே, என்ன சட்டம் வைத்தார்கள்? திருமறையின் 49ஆவது அத்தியாயமாகிய ஹுஜுராத்தில் 12ஆவது வசனத்தை எடுத்துப் பாருங்கள். விசுவாசிகளை நோக்கி மூன்று விலக்கல்கள் வரிசையாக வருகின்றன: மிகுதியான சந்தேகம், துருவித் துருவி வேவு பார்த்தல், புறம் பேசுதல். அந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். சந்தேகம் முதலில் வருகிறது. அது துருவச் சொல்கிறது. துருவிக் கண்டது வயிற்றில் நிற்காது, வாய்க்கு வந்துவிடும். புறம் பேசுவதை இறந்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்கு ஒப்பிடுகிறது அந்த வசனம்.

இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களிடம் ஒருவனைக் காட்டி, இவன் தாடியில் மது சொட்டுகிறது என்றார்கள். துருவுவது எங்களுக்கு விலக்கப்பட்டிருக்கிறது, வெளிப்படையாகத் தெரிவதைத்தான் நாங்கள் எடுத்துக்கொள்வோம் என்று பதில் சொல்லிவிட்டார்கள். கலீபா உமர் (ரலி) அவர்களைப் பற்றியும் ஒரு வரலாறு சொல்லப்படுகிறது. இரவு நகர்சோதனையில் ஒரு வீட்டுக்குள் கூத்துச் சத்தம் கேட்டுச் சுவரேறிக் குதித்தார்களாம். வீட்டுக்காரர் பயப்படவில்லை. நான் செய்தது ஒரு குற்றம், தாங்கள் செய்தது மூன்று: துருவினீர்கள், வாசல் இருக்கச் சுவரேறி வந்தீர்கள், ஸலாம் சொல்லாமல் நுழைந்தீர்கள் என்றாராம். கலீபா வந்த வழியே திரும்பினார்கள். உமருக்கே அந்த உரிமை இல்லையென்றால், எதிர்க்கடையின் பேரேட்டை எட்டிப் பார்க்க நமக்கு யார் உரிமை கொடுத்தது?

அதே அத்தியாயத்தின் 6ஆவது வசனம், நம்பத்தகாதவன் செய்தி கொண்டு வந்தால் தீர விசாரிக்கும்படி கட்டளையிடுகிறது. அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்த நேரும் என்பது அங்கே சொல்லப்படும் காரணம். ஓர் ஒற்றன் கொண்டு வந்ததை வேறோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப் பார்க்க வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. எதிரி நாட்டுச் செய்திக்கே அவ்வளவு சோதனை என்றால், சகோதரனைப் பற்றிய செய்திக்கு எவ்வளவு வேண்டும்!

விசாரியாமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நாம் அரபு தேசம்வரை போக வேண்டியதில்லை. நம் பாட்டன்மார் இந்த மண்ணிலேயே பார்த்தார்கள். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. சில தினங்களில் சீன ஆண்களை வரிசையில் நிறுத்திச் சலித்தார்கள். முகத்தை மூடிக்கொண்ட ஆட்கள் சிலர் நின்றார்கள். அவர்கள் காட்டியவன் லாரியில் ஏற்றப்பட்டான். பினாங்கிலும் இப்படி முகமூடிகள் ஆள் காட்டியதுண்டு. காட்டிக் கொடுத்தவன் உண்மையைச் சொன்னானா, பழைய கடன் பகையைத் தீர்த்துக்கொண்டானா என்று யாரும் கேட்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் திரும்பி வரவில்லை. முகமூடிக்கும் மொட்டைக் கடிதத்துக்கும் என்ன வித்தியாசம் என்று நாம் யோசித்துப் பார்த்தோம். துணிக்குப் பதில் காகிதம், அவ்வளவுதான் தெரிந்தது.

அடுத்த வருஷம் நடந்தது இன்னும் தெளிவான பாடம். 1943 செப்டம்பர் கடைசியில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஜப்பானியக் கப்பல்கள் வெடித்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து 'கிரெய்ட்' என்ற சிறிய படகில் வந்த ஒரு குழுவில் ஆறு பேர், மடக்குத் தோணிகளில் இரவோடிரவாகத் துடுப்புப் போட்டு வந்து, கப்பல்களின் அடியில் வெடிகளை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இது கெம்பத்தாய்க்குத் தெரியாது. சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்தவர்களும் ஊரிலிருந்த அவர்களின் சிநேகிதர்களும்தான் உளவு சொல்லியிருக்க வேண்டும் என்று சந்தேகப்பட்டார்கள். அக்டோபர் 10ஆம் தேதி பிடிப்பு ஆரம்பமானது. 57 பேர் சித்திரவதைப்பட்டார்கள். 15 பேர் உயிர் விட்டார்கள். அவர்களில் ஒருவருக்கும் அந்த வெடியோடு சம்பந்தமில்லை. பத்ர் களத்தில் பையன்களை அடித்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தது இதைத்தான். அடித்தால், அடிக்கிறவன் கேட்க விரும்புகிற பதில்தான் வரும்.

அந்தக் காலத்திலேயே இதற்கு நேர்மாறான ஓர் ஒற்றரும் இருந்தார். முஸ்லிமல்ல, ஆனால் வியாபாரி. லிம் போ செங் என்ற சீனர், செங்கல்லும் பிஸ்கெட்டும் தயாரித்து விற்ற குடும்பம். மனைவி மக்களை சிங்கப்பூரில் விட்டுவிட்டுத் தப்பி, நேச நாட்டுப் படையின் உளவுப் பிரிவில் சேர்ந்து மலாயாவுக்குள் திரும்பினார். ஈப்போவில் ஒரு மளிகைக் கடைதான் அந்த ஒற்றர் கூட்டத்துக்குத் திரை. 1944 மார்ச்சில் பிடிபட்டார். எத்தனை வதைத்தும் தோழர்களின் பெயரைச் சொல்லவில்லை. ஜூன் 29இல் பத்து காஜா சிறையில் வயிற்றுப்போக்கு கண்டு இறந்தார். ஒற்றனின் நாக்கு எதிரியிடம் பூட்டியிருந்தது; கோள்காரனின் நாக்குக்கோ பூட்டே கிடையாது.

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்த வரலாறு. உளவு சொல்லி உண்மையிலேயே பிடிபட்ட ஒரு ஸஹாபியின் கதை. ஹாத்திப் இப்னு அபீ பல்தஆ (ரலி). பத்ரில் போர் புரிந்தவர். எகிப்தின் முகவ்கிஸிடம் நாயகத்தின் தூதராகப் போனவர். ஹிஜ்ரி 8இல் மக்காவை நோக்கிப் படை திரட்டும் விஷயம் பரம ரகசியமாக இருந்தபோது, இவர் ஒரு கடிதம் எழுதி ஒரு பெண்ணிடம் கொடுத்துக் குறைஷிகளுக்கு அனுப்பிவிட்டார். வஹீ மூலம் அறிந்த நாயகம் (ஸல்) அவர்கள் அலீ (ரலி), ஸுபைர் (ரலி) முதலானவர்களை விரட்டி அனுப்பினார்கள். அவள் முதலில் இல்லையென்று சாதித்து, பிறகு கூந்தலுக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். அது மொட்டைக் கடிதமல்ல. ஹாத்திப் தம் பெயரை எழுதியிருந்தார்.

யுத்த ரகசியத்தை எதிரிக்கு எழுதினவனுக்கு எந்த ராஜ்யத்திலும் என்ன தண்டனை என்பது நமக்குத் தெரியும். உமர் (ரலி) அவர்கள் வாளில் கை வைத்துவிட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் செய்த முதல் காரியம், ஹாத்திபை முன்னால் நிறுத்தி, இது என்ன என்று அவரிடமே கேட்டது. யா ரசூலல்லாஹ், அவசரப்பட வேண்டாம் என்று அவர் சொன்னார். தாம் குறைஷி ரத்தமல்ல, அவர்களை அண்டி வாழ்ந்தவர். மற்ற முஹாஜிர்களுக்கு மக்காவில் சொந்தம் இருக்கிறது, அவர்கள் வீட்டாரைப் பார்த்துக்கொள்வார்கள். தம் குடும்பத்துக்கு அங்கே யாருமில்லை. ஓர் உபகாரம் செய்து வைத்தால் குடும்பத்தைத் தொட மாட்டார்கள் என்று எண்ணிவிட்டார். ஈமானை விட்டு இதைச் செய்யவில்லை.

குடும்பத்தை ஒரு கரையில் விட்டுவிட்டு இன்னொரு கரையில் கடை வைத்திருப்பது எப்படிப்பட்ட பாடு என்று நாகூர், கடையநல்லூர், கீழக்கரைப் பக்கத்திலிருந்து வந்த நம் குடும்பங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் செய்தது சரியென்று சொல்ல வரவில்லை. அதைக் கண்டித்துத்தான் 60ஆவது அத்தியாயத்தின் முதல் வசனம் இறங்கியது. ஆனால் அந்த வசனமும் விசுவாசம் கொண்டவர்களே என்றுதான் விளித்துத் தொடங்குகிறது. அவரை வெளியே தள்ளிவிடவில்லை. அவர் உண்மையைச் சொல்லிவிட்டார் என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். பத்ரில் இருந்தவர் என்பதை உமருக்கு நினைவூட்டினார்கள். உமர் (ரலி) அவர்களின் கண்கள் கலங்கின.

பிறகு பல வருஷம் கழித்து, உமர் (ரலி) அவர்கள் கலீபாவாக இருந்த காலத்தில், மதீனாக் கடைத்தெருவில் ஹாத்திப் உலர்ந்த திராட்சை விற்றுக்கொண்டிருந்ததை இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் காண்கிறோம். ஆம், அவரும் நம்மைப்போல் வியாபாரிதான். கலீபா அவரிடம் நின்று பேசினார்கள். எதைப்பற்றி? திராட்சையின் விலையைப் பற்றி. மற்ற வியாபாரிகளைவிட மலிவாக விற்கிறீர், விலையைக் கூட்டும், இல்லையேல் நம் சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டு போம் என்றார்கள். ஒரு காலத்தில் இவர் கழுத்தை வெட்ட அனுமதி கேட்டவரே அவர்கள். ஆனாலும் அந்தப் பழைய கடிதத்தைப் பற்றி அங்கே ஒரு சொல் இல்லை.

அகழ் இரவில் போய் வந்த ஹுதைபா (ரலி) அவர்களிடம், நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவின் முனாபிக்குகள் சிலருடைய பெயர்களைச் சொல்லி வைத்திருந்தார்கள். அந்தப் பெயர்கள் அவரோடேயே கபுருக்குப் போயின. ஹுதைபா எந்த ஜனாஸாவுக்கு வரவில்லையோ அதற்கு உமரும் தொழ மாட்டார்கள். அவ்வளவுதான் ஊருக்குத் தெரிந்தது. அந்தப் பெயர்களில் நான் இருக்கிறேனா என்று உமரே கேட்டதற்கு, இல்லை, தங்களுக்குப் பிறகு வேறு யாருக்கும் இப்படிச் சொல்ல மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டார்கள்.

நம் சங்கத்துக்கு வந்த கடிதத்தை நிர்வாகக் கூட்டத்தில் படிக்கவில்லை. குறிப்பிட்ட சகோதரரிடம் இரண்டு பேர் நேரில் போய், இப்படி ஒரு பேச்சு இருக்கிறது என்று கேட்டோம். அவர் தேநீர் வரவழைத்தார். சிலவற்றுக்கு விளக்கம் சொன்னார், ஒன்றை ஒப்புக்கொண்டு திருத்திக்கொள்வதாகச் சொன்னார். வீட்டு விஷயத்தை நாங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கடிதம் காரியதரிசியின் மேஜை இழுப்பில் உறை மூடியபடி இருக்கிறது. எழுதியவர் எந்த நாளில் வந்து கேட்டாலும் மறுபேச்சில்லாமல் திருப்பித் தரப்படும். அந்தக் கையெழுத்து யாருடையது என்பது நிர்வாகிகளில் ஒருவருக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.